பனிக்கடியில் நிற்கும் மஞ்சள் புனல்

பாக் மானின் கயிறு நிமிர்ந்த கணத்தில்தான் எனக்கு அது தோன்றியது.

ஜொகூர் நீரிணையின் கரையில், பாசிர் கூடாங் நகரின் கம்போங் பாசிர் பூத்தே படகுத்துறை. எதிரே சிப்பி வளர்க்கும் மிதவைகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றை ஒட்டிய நீரில் மலாய் மீனவர் பாக் மான் தன்னுடைய பூபு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பூபு என்றால் கம்பி வலையால் செய்த மீன்கூண்டு. கடல் தரையில் வைத்துவிட்டு வந்து, சில நாள் கழித்துப் போய்த் தூக்குவார்கள். அடையாளத்துக்கு மிதவை கட்டுவதில்லை. கட்டினால் அடுத்தவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கரையில் தெரியும் தொழிற்சாலைப் புகைபோக்கி ஒன்றையும் எண்ணெய்த் தொட்டி ஒன்றையும் கண்ணால் ஒரே கோட்டில் நிறுத்தி, ‘இங்கேதான் போட்டேன்’ என்று தேடுவார்கள். நான் அவர் படகின் ஆழம் காட்டும் கருவியைப் பழுது பார்த்துக் கொடுத்திருந்தேன். ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வந்து துறையின் ஓரத்தில் நின்றிருந்தேன்.

கூண்டு கிடந்த இடத்துக்கு ஒரு பக்கம் மிதவைகள். அந்தப் பக்கம் படகு போக முடியாது. அவர் கயிற்றின் ஒரு முனையில் கல்லைக் கட்டி மிதவை ஓரமாகப் போட்டார். பிறகு வெளிப்பக்கமாகவே படகை வளைத்து ஓட்டிக்கொண்டு கயிற்றை இறக்கினார். முழு வட்டம் இல்லை, பிறை. மறுபடி மிதவை ஓரத்துக்கு வந்து நின்று மறுமுனையை இழுத்தார். தரையில் வளைந்து கிடந்த கயிறு நேராக நிமிர்ந்துகொண்டே வந்தது. வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் நடுவே கிடப்பதையெல்லாம், மேசையைத் துணியால் துடைப்பதுபோல, அது வழித்துக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் போகவே வேண்டியதில்லை.

“பாக் மான், மறுபடி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க.” நாங்கள் பேசியது மலாய், நான் தமிழில் எழுதுகிறேன்.

“எதுக்கு? பூபு வரலையே, பாத்தீங்கல்ல?” உண்மைதான். கயிற்றில் மாட்டி வந்தது ஒரு மோட்டார் சைக்கிள் டயர்.

“பூபு வேணாம். கயிறு போடறத மட்டும் பாக்கணும்.”

“பூபு வேணாமாம்,” என்று அவர் டயரைப் பார்த்துச் சொன்னார். “இவங்களுக்குக் கயிறுதான் வேணுமாம். நீ திரும்பித் தண்ணிக்குள்ளேயே போ.”

இரண்டாம் தடவையும் பூபு வரவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. எனக்கு வேண்டியது தென் துருவத்துப் பனிக்கடலின் அடியில் நிற்கிறது. போன பருவத்தில் அதை எடுக்கப் போன நாங்கள் வெறுங்கையோடு திரும்பினோம். ‘ஒரு பக்கம் ஐஸ் அடைத்து நிற்கிறது, வட்டமடிக்க முடியாது’ என்று கப்டன் சொன்ன ஒரே காரணத்தால், தரையைத் துழாவிப் பார்க்கக்கூட முயலவில்லை. பிறை போதும் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவர்கள் இங்கே கடல் அறிவியல் படிக்கும் மாணவர்கள். அவர்கள் மலரில் ‘பணி ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்கள்’ என்று ஒரு பகுதி. எனக்கு வயது முப்பத்தைந்து. ‘அதெல்லாம் நரைச்ச தலைக்கு’ என்று சொல்லிப் பார்த்தேன். ‘கப்பல் வேலையிலேர்ந்து ரிட்டையர் ஆயிட்டீங்கதானே அக்கா?’ என்றார்கள். ஆகிவிட்டேன்தான். கடலுக்குப் போகிறவர்களுக்கான மருத்துவச் சோதனையில் என் இடது காது தோற்றுப்போனது. இன்னொரு காரணமும் உண்டு. துருவக் கடலுக்குக் கப்பலில் ஆளை அனுப்பும் எங்கள் திட்டம் வரும் பயணத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு தானாக மிதந்து, தானாக அளந்து, செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள்தான். நான் அவற்றுக்கு எதிரியல்ல. அவற்றில் இரண்டைத் திறந்து உள்ளே பார்த்து வியந்தவள். ஆனால் தரையில் கட்டி நிற்கும் ஒன்றைப் போய்த் தூக்கி வர அவற்றால் முடியாது.

படித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது பாலோ என்ற சிற்றூரில். அப்பாவுக்குப் பாசிர் கூடாங் ஆலையில் ஷிப்ட் வேலை கிடைத்ததும் இங்கே வந்தோம். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல். பிறகு, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறை. அங்கே ஒரு ஆராய்ச்சிக் கப்பல் வந்து நின்றது. அதன் கருவி ஒன்றை நான் சரிசெய்தேன். ‘எங்களோடு வருகிறாயா?’ என்று கேட்டார்கள். அவர்கள் கேள்வியை முடிப்பதற்குள் நான் சரி என்று சொல்லியிருந்தேன். எங்கே போகிறது என்றே கேட்கவில்லை.

அம்மாதான் கேட்டார். “எங்கடி போற?”

“தென் துருவம்மா. கிரில்னு ஒரு சின்ன எறால். கூனி மாதிரி இருக்கும். கடல் சூடாகறதால அதுக்கு என்னா ஆவுதுன்னு பாக்கப் போறாங்க.”

“கூனி பாக்கவா? மலாக்கா போனா பெலாச்சான் போடற வீட்ல கூடை கூடையா இருக்குமே.” பெலாச்சான் என்பது கூனியை உப்போடு இடித்துச் செய்யும் விழுது.

அம்மாவுக்கு அப்போது சொன்ன விளக்கத்தையே இங்கேயும் தருகிறேன். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. குளிர்காலத்தில் துருவக் கடலின் மேல்பரப்பு உறைகிறது. அந்த ஐஸின் அடிப்பக்கத்தில் பாசி ஒட்டி வளர்கிறது. குஞ்சுக் கிரில்கள் அதை மேய்ந்துதான் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன. பெங்குவினும் சீலும் திமிங்கிலமும் கிரிலைத் தின்று வாழ்பவை. ஐஸ் தாமதமாக வந்தால், மெலிதாக வந்தால், பாசி குறைகிறது, குஞ்சுகள் குறைகின்றன. அந்த இடத்தைப் பிடிக்க சால்ப் என்றொரு உயிர் வருகிறது. கண்ணாடிக் குழாய்போல, ஜெல்லிபோல இருக்கும். கடலில் பெருகுவது வேகம். ஆனால் தின்பவர்களுக்கு அதில் சத்து அதிகம் இல்லை. “அப்ப சோத்துக்குப் பதிலா வெறும் கஞ்சித்தண்ணி,” என்றார் அம்மா. அவ்வளவுதான்.

யார் வாழ்கிறார்கள், யார் குறைகிறார்கள் என்பதை எங்கள் மஞ்சள் புனல் கணக்கெடுக்கும். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் ஒரு புனல், வாய் மேலே பார்த்தபடி கடலுக்குள் தொங்கும். மேலிருந்து விழுவதெல்லாம் அதற்குள் விழும். விழுவது பெரும்பாலும் எச்சம். கிரிலின் எச்சம் நூல்போல இருக்கும், சால்பின் எச்சம் சப்பைச் சதுரமாக இருக்கும். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். புனலின் அடியில் ஒரு வட்டத்தில் புட்டிகள். ஒரு சிறிய மோட்டார், குறித்த நாள் வந்ததும் வட்டத்தைத் திருப்பி அடுத்த புட்டியைப் புனலுக்கு நேராக வைக்கும். கடலில் ஒருவரும் இல்லாத குளிர்காலத்தில், கும்மிருட்டில், அது பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.

புனலைப் பிடித்து நிறுத்துவது ஒரு நீண்ட கம்பி. கம்பியின் அடியில் பழைய ரயில் சக்கரங்கள், நங்கூரமாக. உச்சியில் காற்றடைத்த கண்ணாடிப் பந்துகள், அவை கம்பியை மேல் நோக்கி இழுத்துப் பிடிக்கும். பந்துகளும் தண்ணீருக்குள்ளேயேதான், மிதக்கும் பனிமலைகள் உரசாத ஆழத்தில். சக்கரத்துக்குச் சற்று மேலே, ஒரே சட்டத்தில் மேலும் கீழுமாக இரண்டு கொக்கிகள், சக்கரத்தின் வளையத்தைக் கவ்வியபடி. அவைதான் என் பொறுப்பு. மேலிருந்து அதற்கே உரிய ஓர் ஒலியை அனுப்பினால் கொக்கி திறக்கும். இரண்டில் ஒன்று திறந்தாலும் போதும். சக்கரங்கள் கடலுக்கு, மற்றதெல்லாம் மேலே நமக்கு.

அந்த ஒலியை அனுப்புவது ஒரு சின்னச் சடங்கு. தண்ணீருக்குள் கப்பலைத் தள்ளும் விசிறியை நிறுத்தச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரைச்சலில் கீழே ஒன்றும் கேட்காது. ரப்பர் தலை வைத்த கருவியைக் கேபிளில் கட்டிப் பக்கவாட்டில் இறக்க வேண்டும். முதலில் ‘திற’ என்று சொல்லக்கூடாது. ‘இருக்கிறாயா?’ என்று மட்டும் கேட்க வேண்டும். கீழிருந்து ஒரு கீச்சு வரும். கேட்டதற்கும் வந்ததற்கும் இடையிலான நேரத்தை வைத்து, கேபிளின் மேல்முனையில் இருக்கும் பெட்டி தூரத்தைக் காட்டும். கப்பல் நகர்ந்து நகர்ந்து மூன்று இடத்திலிருந்து கேட்டு, வரைபடத்தில் மூன்று வட்டம் போட்டால், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் நம் ஆள் நிற்கிறார்.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் எங்கள் பயணத் தலைவர் டாக்டர் ஹெல்கா. வட ஐரோப்பிய நாட்டவர், நெட்டையானவர், குரலை உயர்த்தவே மாட்டார். எனக்கோ எல்லாவற்றிலும் அவசரம். மற்றவர்கள் கையுறை மாட்டுவதற்குள் நான் கேபிளை இறக்கியிருப்பேன். அவர் திட்டியதில்லை. அவரிடம் அதைவிட மோசமான ஒரு பழக்கம் இருந்தது. எந்த வேலைக்கு முன்னும் தளத்தில் எல்லாரையும் வட்டமாக நிறுத்துவார். ஒவ்வொருவரும் தனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தெரிந்ததைச் சொன்னால் கேட்டுக்கொண்டே நிற்பார், முடித்ததும், “சரி. தெரியாதது?” என்பார். சமையல்காரர் தளத்தில் நின்றால் அவரும் சொல்ல வேண்டும். ‘இன்னைக்கு எத்தன பேருக்கு வாந்தி வரும்னு தெரியல’ என்று அவர் ஒருமுறை சொன்னார். ஹெல்கா சிரிக்காமல் தலையசைத்தார்.

முதல் பயணத்தில் எனக்கு அது வதையாக இருந்தது. தினேஷ்தான் எனக்கு ஒரு வழி சொன்னான். தினேஷ் யோங் பெங் ஊர்ப் பையன், கயிறும் கிரேனும் அவன் வேலை. கப்பலில் தமிழ் பேச நாங்கள் இருவர்தான்.

“பெருசா யோசிக்காத லா. உண்மையிலேயே உனக்குப் பயமா இருக்கறது எதுவோ அத சொல்லு. அதான் அவங்களுக்கு வேணும்.”

“எனக்கு ஒண்ணும் பயமில்ல.”

“அத சொல்லிராத. இன்னைக்கு முழுக்க வட்டத்திலேயே நிக்க வச்சிருவாங்க.”

இனி, வெறுங்கையோடு திரும்பிய அந்த நாள்.

அந்தப் புனல் இரண்டு குளிர்காலங்கள் கடலில் இருந்தது. முதல் குளிரில் ஐஸ் ஓரளவு வழக்கம்போல வந்தது. இரண்டாவதில் பேருக்குத்தான் வந்தது; செய்மதிப் படத்தில் அங்கே கறுப்புக் கடல்தான் தெரிந்தது. ஆக, ஒரே இடத்தில், ஒரே புனலில், ஐஸ் இருந்த குளிர்காலமும் இல்லாத குளிர்காலமும் அடுத்தடுத்த புட்டிகளில். அப்படியொன்றை மறுபடி திட்டமிட்டுச் செய்ய முடியாது. அந்தக் குளிர்காலங்கள் போய்விட்டன. புட்டிகள் மட்டுந்தான் மிச்சம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெளிச்சம். காற்று, உடைந்த ஐஸ் பலகைகளையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தது. எங்கள் இடத்துக்கு மேலே குளம்போலத் திறந்த நீர். அதன் இடது கரை முழுக்க வெள்ளை. கொக்கிகளைக் கேட்டேன். மேல் கொக்கி உடனே பதில் சொன்னது. கீழ்க் கொக்கி முனகியது. ஒரு தடவை பதில், இரண்டு தடவை மௌனம். மூன்று வட்டம் போட்டோம். நம் ஆள் திறந்த நீருக்குள்தான், ஐஸின் ஓரத்தை ஒட்டி நிமிர்ந்து நிற்கிறார்.

ஹெல்கா வட்டம் கூட்டினார். கப்டன் வந்து நின்றார். “காற்று எப்போது திரும்பும் என்று எனக்குத் தெரியாது,” என்றார். தினேஷ், “கண்ணாடிப் பந்துல எத்தன முழுசா இருக்குன்னு தெரியாது,” என்றான். என் முறை.

“கீழ்க் கொக்கி ஏன் முனகுகிறது என்று எனக்குத் தெரியாது,” என்றேன்.

“தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?”

“அது மேலே வந்தால்தான்.”

ஹெல்கா ஐஸைப் பார்த்தார். திறந்துவிட்டால் திரும்ப மூட முடியாது. மேலே வரும்போது ஐஸுக்கு அடியில் போய் மாட்டினால் எல்லாம் போச்சு. விட்டுவிட்டுப் போனால் அடுத்த பருவம் வரை கொக்கிகளின் பேட்டரி தாங்குமா என்பது சந்தேகம். சும்மா நின்று யோசிக்கும் ஒவ்வொரு நொடியும் ஐஸுக்குச் சாதகம் என்று என் மனம் கத்திக்கொண்டிருந்தது.

“திறக்கலாம்,” என்றார். “என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லிவிட்டு அழுத்து.”

“மேல் கொக்கியைத் திறக்கிறேன்,” என்று உரக்கச் சொல்லி அழுத்தினேன்.

கீழிருந்து பதில் வந்தது: ‘திறந்துவிட்டேன்.’ தளத்தில் எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நான் பெட்டியைப் பார்த்தேன். மேலே வர ஆரம்பித்தால் தூரம் குறைய வேண்டும். குறையவில்லை. மறுபடி கேட்டேன். அதே தூரம். திறந்தேன் என்கிறது, நகரவில்லை. மறுபடி ‘திற’ என்றேன். ‘திறந்துவிட்டேன்’ என்றது. கீழ்க் கொக்கிக்கு அனுப்பினேன். முனகலும் இல்லை. இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒரு தடவை. தினேஷ் என் தோள் பக்கம் வந்து நின்றான்.

“வருதா?”

“எடத்த விட்டு அசையல.”

“துருப்பிடிச்சிருக்கும். இல்லன்னா ஏதாச்சும் ஒட்டி வளந்திருக்கும். கொக்கி வாயத் தொறந்திருச்சு, வளையம் உள்ளயே ஒட்டிக்கிச்சு.”

வெள்ளைக் கரை அப்போது நகரத் தொடங்கியிருந்தது. தரையில் கம்பி இறக்கி, சுற்றி வளைத்து இழுத்துப் பார்க்கலாம் என்று தினேஷ் சொன்னான். அது எங்களுக்குத் தெரிந்த முறைதான்: புனலைச் சுற்றி முழு வட்டமாகக் கம்பியைப் போட்டு, கண்ணியை இறுக்குவதுபோல இறுக்குவது. கப்டன் இடது பக்கம் கையைக் காட்டினார். “அந்தப் பக்கம் என் கப்பல் போகாது.” அதோடு முடிந்தது. ஹெல்கா கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். நான் அவரையே பார்த்தேன். ஏதாவது சொல்லுங்கள், வேறு ஒரு வழி சொல்லுங்கள். “விசிறியைப் போடச் சொல்லுங்கள்,” என்றார், அதே தணிந்த குரலில்.

விசிறி சுழலத் தொடங்கும்வரை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இருக்கிறாயா? கீச். இருக்கிறாயா? கீச். கேபிளை மேலே இழுத்ததும் அது நின்றது. புனல் அங்கேயேதான் இருந்தது, எங்களுக்குக் கேட்பதுதான் நின்றது.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். கொக்கி வாய் திறந்திருக்கிறது. வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கோ நாளைக்கோ நீரோட்டம் ஓர் உலுக்கு உலுக்கினால் அது நழுவும். ஒருவரும் இல்லாத கடலில் புனல் மேலே வரும். உச்சிப் பந்தில் ஒரு சிறு கருவி உண்டு. வானத்தைப் பார்த்ததும் தான் இருக்கும் இடத்தை எங்களுக்கு மின்னஞ்சலாக அனுப்பும். என் கைத்தொலைபேசி ஒவ்வொரு தடவை அதிரும்போதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எடுத்துப் பார்ப்பேன். வருவது பெரும்பாலும் சூப்பர்மார்க்கெட் தள்ளுபடி. இதில் கொடுமை, செய்தி வராததற்கும் பொருள் இல்லை. ஐஸுக்கு அடியில் போய் முட்டி நின்றால் அதற்கு வானம் தெரியாது. அங்கேயே நிற்கிறதா, தொலைந்துவிட்டதா என்று மௌனத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஊர் திரும்பிய பிறகுதான் காது. ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் சமிக்ஞை விளக்கில் நின்றுகொண்டிருந்தேன்; சாலை முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கப்பல் சாய்வதை அறிந்தவள் நான். ஆனால் இது நிமிரவில்லை. உள்காதில் நீரின் அழுத்தம் என்றார் ஜொகூர் பாருவில் பார்த்த மருத்துவர். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் நிற்க முடியாது. கப்பல் தளத்தில், கிரேனுக்கு அடியில், அப்படிப்பட்ட ஆளை எவரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நானாக இருந்தாலும் வைத்துக்கொள்ள மாட்டேன். இப்போது ஆலைகளில் அளவுமானி சரிபார்க்கிறேன். நல்ல வேலை, ஆடாத தரை. மதிய உணவு நேரத்தில் வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். காவலாளி ஒரு நாள், “கார தொலச்சிட்டீங்களா, அக்கா?” என்று கேட்டார்.

அந்த நிலையில்தான் பாக் மானின் கயிற்றைப் பார்த்தேன்.

தினேஷுக்கு உடனே அழைத்தேன். அவன் இன்னும் கப்பல் வேலையில்தான், விடுமுறையில் யோங் பெங் வந்திருந்தான். கடைசிப் பயணத்துக்கும் அவன் போகிறான்.

“பிறை,” என்றேன். “வட்டம் வேணாம். ஐஸ் ஓரத்துல ஒரு முனை, இன்னொரு ஓரத்துல மறுமுனை. கப்பல் வெளிப்பக்கம் மட்டும்தான் ஓடும்.”

“பசியாறிட்டியா மொதல்ல?”

“தினேஷ்.”

“கேட்டுட்டுதான் இருக்கேன். கம்பி நிமிரும்போது தரைய விட்டு எழும்பிச்சுன்னா? புனல் வாயிலயே போய் மாட்டிச்சுன்னா? புட்டியெல்லாம் போச்சு.”

“அத பாக்கத்தான் ஒன்னைய கூப்பிடறேன். பாக் மான் படகு தர்றாரு.”

“அவரு சரின்னு சொல்லிட்டாரா?”

“இன்னும் கேக்கல.”

பாக் மான் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: வழியில் எந்தப் பூபு மாட்டினாலும் அது அவருக்கு. முதல் சோதனைக்கு, சிமென்ட் நிரப்பிய பெயிண்ட் வாளி எங்கள் ரயில் சக்கரம். அதிலிருந்து எழுந்து நிற்கும் கயிற்றில் ஒரு கோழித் தீவனப் புனல். தினேஷ் புனலுக்கு மஞ்சள் சாயம் பூசிக் கொண்டுவந்தான். எதற்கு என்று கேட்டேன். “பாத்தா அதே எரிச்சல் வரணும்ல,” என்றான்.

முதல் சோதனையில் அவன் பயந்ததே நடந்தது. வேகமாக இழுத்தோம், கயிறு தரையை விட்டு எழும்பியது. மேலே வந்தது புனல் மட்டும், வாய் பிளந்து. பாக் மான் அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். “இதுக்கா தென் துருவம் போனீங்க?”

இரண்டாவது சோதனைக்குக் கயிற்றில் ஈயக் குண்டுகள் கோத்தோம். மெதுவாக இழுத்தோம். கயிறு இறுகியது, உள்ளங்கையில் அந்தக் கனம் வந்தது. டயரின் கனம் இல்லை அது. தினேஷ் என்னைப் பார்த்தான். அடியில் மாட்டியிருக்கிறது, வாளிக்குச் சற்று மேலே, நாங்கள் நினைத்த அதே இடத்தில். அப்போதுதான் என் காது புரண்டது. கடல் மேலே போனது, வானம் பக்கவாட்டில் வந்தது. நான் படகின் உள்தரையில் கிடந்தேன். என் தலை விளிம்பில் மோதாமல் இரண்டு கைகளால் பிடித்திருந்தான் தினேஷ். கயிற்றை விட்டுவிட்டுத்தானே பிடிக்க முடியும்? கயிறு தண்ணீருக்குள் போய்விட்டது.

“கயிறு,” என்றேன்.

“வாய மூடு.”

துறைக்கு வந்து சேர்ந்தோம். பாக் மான் எனக்கு ஒரு போத்தல் குளிர்ந்த நீரும், வாந்தி எடுக்க ஒரு வாளியும் கொடுத்துவிட்டு, நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தலை சுற்றல் நின்றதும் தினேஷ் சொன்னான்.

“அடுத்த தடவ நீ படகுல இல்ல.”

“மாட்டிச்சு தினேஷ். நீயே பாத்த.”

“பாத்தேன். மாட்டினத விட்டதும் நான்தான். அங்க ஐஸ்ல நீ இருக்க மாட்ட, பவி. கம்பி எறுகும்போது என் பக்கத்துல நீ நிக்க மாட்ட. இங்க ஒவ்வொரு வாட்டியும் நீ ‘மெதுவா, மெதுவா’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, அங்க நான் யாரு சொல்லி இழுக்கறது?”

நான் பதிலுக்கு நிறையச் சொன்னேன். இங்கே எழுத வேண்டியதில்லை. பாக் மானுக்குத் தமிழ் தெரியாது என்பதில் அன்றைக்கு மகிழ்ச்சியடைந்தேன்.

வீட்டுக்கு வந்து ஹெல்காவுக்கு எழுதினேன். படம் வரைந்து அனுப்பினேன். அன்றே பதில். பாராட்டு ஒரு வரி. பிறகு: ‘உங்கள் நீரிணையில் அலை இல்லை. அலையில் கப்பல் ஏறி இறங்கும்போது கயிறும் ஏறி இறங்கும். அப்போது தரையில் படுத்திருக்குமா? அது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிந்த பிறகு கப்டனிடம் பேசுகிறேன்.’ பயணத் திட்டத்தில் அந்த இடத்துக்காக ஒரு பகல் ஒதுக்கி வைத்திருக்கிறாராம். சோதனை முடிவு கையில் இல்லாவிட்டால் அந்தப் பகல் வேறு வேலைக்குப் போய்விடும். அதற்கப்புறம் அங்கே கப்பல் இல்லை. படித்து முடித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அவர் கேட்டது சரி என்பதும் தெரிந்தது. இரண்டும் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன.

ஆகவே மாணவர்களுக்கு: அனுபவம் கேட்டீர்கள், முடிந்துபோன ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். என்னிடம் அப்படி ஒன்று இல்லை.

வரும் சனிக்கிழமை, கிழக்குக் கரையில் உள்ள மெர்சிங். அங்கே அலை உண்டு, ஆழமும் உண்டு. பாக் மானின் மருமகன் அங்கே பெரிய படகு வைத்திருக்கிறார். ஈயக் குண்டுக்குப் பதிலாக, கயிற்றின் நடுப்பகுதி முழுக்கச் சங்கிலி. அலை தூக்கினாலும் அந்தப் பகுதி தரையை விட்டு எழக்கூடாது. இழுப்பதற்கு முன் ஒரு முழு அலை கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும் என்பது தினேஷின் யோசனை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவன் முறையில்தான் செய்யப்போகிறான். தீவனப் புனல் புதிது. வாளிக்குப் பதில் லாரிச் சக்கரம்.

படகில் தினேஷும் மருமகனும் பாக் மானும். நான் கரையில். வாக்கி டாக்கி வேண்டாம் என்று தினேஷ் சொல்லிவிட்டான். துறைக்கு வந்ததும் என் தொலைபேசியை அவனிடம் கொடுத்துவிட வேண்டுமாம். காலையில் போனால் மதியம்வரை ஆகும். கயிறு, சங்கிலி, கல், படகு, இழுக்கும் வேகம் எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டாயிற்று. அவர்கள் திரும்பும்வரை நான் என்ன செய்வது என்பதற்குத்தான் இன்னும் போடவில்லை.